மாணவர்கள் முன்னால் கணினியைத் தொடவே கை தயங்குகிறது. என்ன செய்யலாம்?

வரலாறு_டீச்சர் (கேள்வி)

வணக்கம். 26 வருடமாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வயது 51. இதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் மூன்று வாரமாக மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் அன்றைக்கு, இத்தாலியில் இருந்த பழைய ரோமானிய நகரம் பாம்பேய் பற்றிய பாடம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரே சாம்பலுக்குள் போன கதை. சாம்பலுக்குள் உடல்கள் மக்கி, அந்த இடம் வெறும் பொந்தாக நின்றுவிட்டது. 1863இல் ஃபியோரெல்லி என்ற ஆய்வாளர் அந்தப் பொந்துகளில் பிளாஸ்டர் ஊற்றி, செத்தவர்களின் உருவத்தை அப்படியே வெளியே எடுத்தார். முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருக்கும் ஓர் ஆள் அதில் உண்டு. அந்தப் படத்தைக் காட்டினால் எவ்வளவு சத்தமான வகுப்பும் அடங்கிவிடும், ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். முந்தின ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து படங்களை வரிசைப்படுத்தினேன்.

வகுப்பில் லேப்டாப்பைப் பிரொஜெக்டரில் சொருகினால் சுவரில் வெறும் நீலம். கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மிஸ், நான் பார்க்கட்டுமா?" என்று வந்தான். இரண்டே பொத்தான் தட்டினான், படம் வந்துவிட்டது. வகுப்பே கைதட்டியது.

அவனைப் பாராட்டித்தான் தட்டினார்கள், எனக்கு எதிராக ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் நடத்துகிற மாதிரி நடத்த முடியவில்லை. குரல் எழும்பவில்லை. குந்தியிருக்கும் மனிதரின் படம் வந்தபோது நான் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து சாக்பீஸ்தான். பிரொஜெக்டர் அறைக்கு முறை வந்தால் வேறு டீச்சருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

பயிற்சிக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன், இரண்டு நாள். நடத்தியவர் நல்ல மனிதர்தான், ஆனால் இரண்டு நாளில் பதினாலு செயலிகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு கணக்குத் தொடங்கினோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எனக்குப் பதினாலு பாஸ்வேர்டு எழுதிய ஒரு தாள்தான் மிச்சம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னை ரொம்பக் குழப்புகிறது. போன மாதம் இதே பிள்ளைகளை, உலகின் ஏதாவது ஒரு பழைய கட்டுமானத்தைப் பற்றி ஒரு பக்கம் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னேன். மொத்தம் 38 பேர். அதில் பதினொரு பேர் கணினித் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். ஐந்து பேர் அனுப்பிய லிங்க் திறக்கவே இல்லை, அனுமதி கேட்டது. ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, "முழுசா எழுதினேன் மிஸ், எங்கே போச்சுன்னே தெரியல" என்றாள். சீனப் பெருஞ்சுவரை எழுதிய ஆறு பேரும் 'நிலவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒரே கட்டுமானம்' என்று எழுதியிருந்தார்கள். ஆறு பேரும்! அது உண்மையே இல்லை. எனக்குப் பிரொஜெக்டரைச் சரிசெய்து கொடுத்த அதே பையனும் அதில் ஒருவன்.

எந்தச் செயலியைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கேள்வி இல்லை. இந்தக் கருவிகளில் என்னைவிடக் கை வேகமான 38 பேர் முன்னால், தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நிற்பது? அவர்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு தெரியும்? என்னிடமிருந்து அவர்களுக்கு இதில் ஏதாவது கிடைக்க வேண்டியிருக்கிறதா?

---

லேப்_வாத்தியார்

டீச்சர், முதலில் அந்த இரண்டு பொத்தானைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டினான், அவ்வளவுதான். நாலு தேர்வு வரும்: லேப்டாப் திரையில் மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டும் சேர்ந்து ஒரு நீளத் திரை, வெளித்திரையில் மட்டும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. உங்கள் லேப்டாப் முதல் தேர்வில் நின்றிருக்கும், அதனால் சுவரில் நீலம். வயரைக் கழற்றி மாட்டினால் அது மாறாது. நீங்கள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை.

நான் 16 வருடமாகக் கணினி ஆய்வகத்தில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டீர்கள். என் ஆய்வகத்தில் வாரம் ஒருமுறையாவது நடக்கும் பேச்சு இது. "ஃபைலை எங்கேப்பா சேமிச்சே?" "வேர்டுல சார்." "வேர்டு சரி, எந்த ஃபோல்டர்ல?" பதில் வராது, முகத்தைத்தான் பார்ப்பான். விளையாட்டாகச் சொல்லவில்லை, அவனுக்கு அந்தக் கேள்வியே புரிவதில்லை. ஏனென்றால் அவன் கையில் முதலில் வந்தது போன். போனில் படம் கேலரியில் இருக்கும், பாட்டு பாட்டுச் செயலியில் இருக்கும். எந்தச் செயலியில் செய்தானோ அதைத் திறந்தால் அங்கேயே இருக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபைல் என்ற அலமாரியைப் போன் அவன் கண்ணிலேயே காட்டாது. நமக்கு அது பழக்கம், காரணம் நாம் நிஜ அலமாரியில் நிஜக் கோப்பு அடுக்கி வளர்ந்தவர்கள். அந்தப் பெண்ணின் ஒரு பக்கம் தொலைந்ததும் பெரும்பாலும் இதனால்தான். கணினியில் எங்கோ பத்திரமாக இருந்திருக்கும், தேட வழி தெரிந்திருக்காது.

2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். டிஜிட்டல் உலகில் பிறந்த பிள்ளைகள் அதன் 'பூர்வகுடிகள்', நம்மைப் போன்றவர்கள் 'குடியேறிகள்' என்று பிரித்தார். பயிற்சிக்குப் போகிற இடத்தில் எல்லாம் இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள். நமக்குள் பாதிப் பயத்தை ஏற்றியதே அந்தச் சொல்தான் என்பது என் எண்ணம். ஐசிஐஎல்எஸ் என்று ஒரு பன்னாட்டுத் தேர்வு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி முன் உட்கார வைத்து, தகவல் தேடு, நம்பலாமா என்று பார், தொகுத்துக் காட்டு என்று வேலை கொடுப்பார்கள். 2018இல் நடந்ததில் மிக உயர்ந்த நிலையைத் தொட்டவர்கள் சராசரியாக 100க்கு 2 பேர். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் 'பூர்வகுடிகள்' தான்.

விரல் வேகம் வேறு, விஷயம் தெரிவது வேறு. உங்கள் மாணவனுக்கு அந்தப் பொத்தான் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது ஏன் அப்படி ஆனது என்று அவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா என்பது சந்தேகம்.

கடைசியாக ஒன்று. பாடத்தை எவ்வளவு தயார் செய்கிறீர்களோ அதே மாதிரி அந்த அறையையும் தயார் செய்யுங்கள். யாரும் வருவதற்கு முன் பத்து நிமிடம் போய், அதே லேப்டாப், அதே வயர், அதே படங்கள் என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

---

ஆறாம்_வகுப்பு_ஆசிரியர்

எனக்கும் இதே நிலைதான், பின்தொடர்கிறேன். ஒரே ஒரு உபயோகம் சொல்கிறேன்: பிரொஜெக்டர் ரிமோட்டில் பெரும்பாலும் 'ஃப்ரீஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சுவரில் இருக்கும் படம் அப்படியே நின்றுவிடும், லேப்டாப்பில் நாம் தடுமாறுவதையோ பாஸ்வேர்டு அடிப்பதையோ யாரும் பார்க்கமாட்டார்கள். அது தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

---

கணக்கு_மிஸ்

லேப் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. 'பிள்ளைகளுக்கும் ஒன்றும் தெரியாது' என்று ஆறுதல் அடைந்துவிட்டு நாம் சாக்பீஸோடு நின்றுவிடக் கூடாது. நான் அப்படி நின்றேன். அதனால் யாருக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன்.

என் வகுப்பில் பார்வை மங்கலான ஒரு பெண் இரண்டு வருடம் படித்தாள். முதல் பெஞ்ச்தான். கரும்பலகையில் எழுதுவது அவளுக்கு எட்டாது. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். பக்கத்துப் பெண் தப்பாக எழுதினால் இவளும் தப்பு. அவள் கணக்கில் பலவீனம் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். நான் கணினி பக்கமே போகமாட்டேன். சமன்பாட்டை எல்லாம் தட்டச்சு செய்து கொண்டிருக்க முடியாது, கணக்கு கையால் போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் உண்மையும் உண்டு. ஆனால் என் பயத்துக்கும் அது நல்ல போர்வையாக இருந்தது.

நான் ஒரு மாதம் விடுப்பில் போனேன். எனக்குப் பதிலாக வந்த இளம் ஆசிரியர் வினாத்தாளைக் கணினியில் திறந்து, விண்டோஸ் பொத்தானோடு கூட்டல் குறியைத் தட்டிக் காட்டியிருக்கிறார். உருப்பெருக்கி வரும், திரையில் எதையும் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் பார்க்கலாம். கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றலாம். தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம், கணினிக்குள்ளேயே இருப்பதுதான். நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் தன் கணக்கைத் தானே பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்டாள்: "மிஸ், இது முன்னாடியே இருந்துச்சா?"

இருந்தது. பல வருடமாக இருந்தது. அந்தக் கேள்வியை அவள் குறையாகக் கேட்கவில்லை, சந்தோஷத்தில் கேட்டாள். எனக்குத்தான் அதைத் தாங்க முடியவில்லை.

இதை எந்த மாணவனும் நமக்குச் சொல்லித்தரமாட்டான், அவனுக்குத் தேவைப்படாததால் அவனுக்கும் தெரியாது. நாம் தேடிப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பதினாலு செயலி வேண்டாம். நம் வகுப்பில் யாருக்கு எது எட்டவில்லை என்று பார்த்து, அதற்கு ஒன்று.

---

மூன்றாம்_ஆண்டு_மாணவன்

நான் ஆசிரியர் இல்லை, கல்லூரியில் படிக்கிறேன். மாணவர் பக்கத்திலிருந்து ஒருத்தர் பேசுவது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

டீச்சர், பள்ளியில் நானும் அப்படி எழுந்து போன பையன்தான். பிரொஜெக்டர், ஸ்பீக்கர், பிரிண்டர், எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் மனதில் 'சாருக்கு இதுகூடத் தெரியலையே' என்ற எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. வகுப்பில் எனக்குப் பெரிய மார்க் கிடையாது. அந்த ரெண்டு நிமிடம்தான் நான் உபயோகமாக இருந்த நேரம். இயற்பியல் சார் ஒருத்தர், நான் சரிசெய்ததும், "என்ன அழுத்தினே? மெதுவா இன்னொரு தடவை செய்" என்பார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார். அடுத்த தடவை என்னைக் கூப்பிடமாட்டார், அவரே செய்வார். செய்துவிட்டு என்னைப் பார்ப்பார். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை கூடியதே ஒழியக் குறையவில்லை.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். கல்லூரியில் முதல் வருடம், ஒரு ஆங்கிலக் கட்டுரை. ஒன்பது நாள் எடுத்து எழுதினேன். எனக்கு ஆங்கிலம் சுமார்தான், அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக, தெரிந்த சொற்களாகப் போட்டு எழுதுவேன். ஆசிரியர் அதை இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் ஒரு கருவியில் போட்டார். 'பெரும்பாலும் இயந்திரம்' என்று வந்தது. பூஜ்யம் போட்டுவிட்டார். அந்தக் கருவி எப்படி முடிவு சொல்கிறது என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது, ஆனால் கருவி தப்புச் சொல்லாது" என்றார்.

அப்புறம்தான் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கேட்டால் கட்டுரை எழுதித்தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டது. அவர்கள் கொடுத்த கணக்குப்படியே, இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் என்றது. துல்லியம் போதாதென்று அதே வருடம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தங்கள் கையால் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்ததில், சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று வந்தது. காரணமும் சொல்லியிருக்கிறார்கள்: எளிய சொல், அடுத்து வரும் சொல்லை ஊகித்துவிடக்கூடிய வாக்கியம், இவை இருந்தால் கருவி இயந்திரம் என்று எண்ணிக்கொள்கிறது. நான் எழுதுவது அப்படித்தான் இருக்கும்.

அந்த ஆசிரியருக்குக் கணினி தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். விரல் பறக்கும், புதுக் கருவி எது வந்தாலும் முதலில் அவர்தான். உங்களைப் போலத் தயங்குகிற ஒருவராக இருந்திருந்தால் என்னைக் கூப்பிட்டு, "இதை எப்படி எழுதினே, சொல்லு" என்று கேட்டிருப்பார். நான் ஒன்பது நாள் எழுதியதற்கான தடயம் முழுக்க கூகுள் டாக்ஸில் இருந்தது. ஒவ்வொரு நாளும் என்ன சேர்த்தேன், என்ன அழித்தேன் என்று காட்டும். அதைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

---

நூலகர்

சீனப் பெருஞ்சுவர் பற்றிய உங்கள் ஆறு கட்டுரைகளைப் படித்ததிலிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

அமெரிக்காவில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினி முன் உட்கார வைத்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், பத்திரிகைகளில் உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். சில இணையதளங்களைக் காட்டி, நம்பலாமா என்று கேட்டார்கள். மாணவர்கள் நிறையப் பேர் ஏமாந்தார்கள், அதில் வியப்பில்லை. வரலாற்று அறிஞர்களும் பலர் ஏமாந்தார்கள். நேர்த்தியான வடிவமைப்பு, கம்பீரமான சின்னம், கீழே மேற்கோள் பட்டியல், இவற்றைப் பார்த்து நம்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. உடனே வெளியே போய், வேறு டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

டீச்சர், ஒரு சாசனமோ கடிதமோ கையில் வந்தால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? யார் எழுதியது, எப்போது, யாருக்காக, அப்போது அங்கே இருந்தாரா. சரிபார்ப்பவர்கள் செய்ததும் அதைத்தான், டேப்பில் செய்தார்கள். உங்கள் கேள்வியும் உங்கள் பையன்களின் விரலும் சேராமல் கிடப்பதுதான் இப்போது குறை. வரலாற்று அறிஞர்களுக்கும் அந்த ஆய்வில் அதே நிலைதான்: கேள்வி மனதில் இருந்தது, திரையில் அதை எப்படிக் கேட்பதென்று பழகியிருக்கவில்லை.

---

வரலாறு_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். நடுவில் ஒன்று செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

போன வியாழக்கிழமை பிரொஜெக்டர் அறைக்கு என் முறை. இந்தத் தடவை யாருக்கும் கொடுக்கவில்லை. பத்து நிமிடம் முன்னால் போனேன், லேப் சார் சொன்ன பொத்தானைத் தட்டினேன், படம் வந்தது. இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தேன், இரண்டு தடவையும் வந்தது.

சீனப் பெருஞ்சுவரை எழுதிய ஆறு கட்டுரைகளிலிருந்தும் அந்த ஒரு வரியை மட்டும், பெயர் இல்லாமல், சுவரில் போட்டேன். "இதை யார் சொன்னது?" என்று கேட்டேன். "கூகுள் மிஸ்." "கூகுள் ஓர் ஆள் இல்லையே. அதை எழுதிய ஆள் யார்?" அமைதி. பிறகு அதே பையனைக் கூப்பிட்டு, "நீ தட்டச்சு செய், நான் கேள்வி கேட்கிறேன்" என்றேன். முதலில் வந்த பக்கத்தைத் திறந்தான், படிக்க ஆரம்பித்தான். "படிக்காதே. இவர்கள் யார் என்று வெளியே போய்ப் பார்" என்றேன். வகுப்புக்கு அது விசித்திரமாக இருந்தது, டீச்சர் படிக்காதே என்கிறார்களே என்று.

எனக்கே தெரியாத ஒன்று கிடைத்தது. நிலவிலிருந்து தெரியும் என்ற பேச்சு எப்போது தொடங்கியது என்று பின்னால் பின்னால் போகச் சொன்னேன். 1754 வரை போய்விட்டது. வில்லியம் ஸ்டூக்லி என்ற ஆங்கிலேயர், சீனச் சுவர் நிலவிலிருந்துகூடத் தெரியலாம் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், 1754ல யாருமே நிலாவுக்குப் போகலையே?" நான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அறைக்குள் சுற்றி வரட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அவர்களே கண்டுபிடித்தார்கள்: 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் மேலேயே சுற்றிவிட்டு வந்து, சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னது. நிலவு சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரம். சுவரின் அகலம் சில மீட்டர். அந்தப் பையன் தானாகவே கணக்கிட ஆரம்பித்தான். கணக்கு மிஸ், உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஒரு காணொளியும் வைத்திருந்தேன், அதில் சத்தம் வரவில்லை. நெஞ்சு பழையபடி அடித்தது. "எனக்குத் தெரியவில்லை, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை 26 வருடத்தில் முதல் தடவையாக வகுப்பில் சத்தமாகச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். சத்தம் லேப்டாப்பில் போகாமல் பிரொஜெக்டருக்குப் போய்க்கொண்டிருந்ததாம், அந்தப் பிரொஜெக்டரில் ஸ்பீக்கரே இல்லை. மெதுவாக இன்னொரு தடவை செய்யச் சொல்லி எழுதிக்கொண்டேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, எந்த வழியாகச் சத்தம் போக வேண்டும் என்று மாற்றுவது. நோட்டு வாங்கிவிட்டேன், மூன்றாம் ஆண்டு தம்பி. முதல் பக்கத்தில் விண்டோஸ்–பி, இரண்டாவது பக்கத்தில் இது.

நாளை மறுநாள் பாம்பேய் பாடத்தைத் திரும்ப எடுக்கிறேன். அன்று பேசாமல் தாண்டிப்போன படத்துக்காகத்தான்.

தம்பி, உங்கள் பூஜ்யத்தை நினைத்தால் மனது கனக்கிறது. அதனால் ஒரு கேள்வி, லேப் சாருக்கு: பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் எழுதியதைக் கூகுள் டாக்ஸ் காட்டும் என்று தம்பி சொன்னாரே, அதை எங்கே பார்ப்பது? ஒரு பெண்ணின் கட்டுரையைத் திறந்து பார்த்தேன், எனக்கு அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

---

லேப்_வாத்தியார்

டீச்சர், கூகுள் டாக்ஸில் மேலே 'ஃபைல்' மெனு, அதற்குள் 'வெர்ஷன் ஹிஸ்டரி'. தட்டினால் வலப்பக்கம் தேதி வாரியாகப் பட்டியல் வரும். எந்தத் தேதியைத் தட்டினாலும் அன்று சேர்த்தது நிறத்தில் தெரியும்.

உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அந்தப் பெண் உங்களுக்குப் 'பார்க்க மட்டும்' அனுமதி கொடுத்திருப்பாள். அதில் இந்தப் பட்டியலைப் பார்க்க முடியாது. 'எடிட்டர்' என்று மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். முதலில் லிங்க் திறக்காத அந்த ஐந்து பேருக்கும் இதே இடத்தில்தான் சிக்கல்: 'ஷேர்' பொத்தானைத் தட்டி யார் பார்க்கலாம் என்று மாற்றாமலேயே லிங்க்கை நகலெடுத்து அனுப்பியிருப்பார்கள். ஒரு தடவை வகுப்பில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டிவிடுங்கள்.

அனுமதி மாற்றிய பிறகும் வரவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் பார்ப்பேன்.